பக்கச்சுவர்க் கல்வெட்டும் பெருவண்டி இல்லறமும்

பெருவண்டி எனப்படுவது மலை, மணல், சேறு, வெள்ளம் ஆகிய நான்கையும் கடக்கும் ஆற்றலோடு படைக்கப்பட்டு, பள்ளிக்கூட வாசலுக்கும் மாலின் நிலவறைக்கும் இடையே உழலும் சொகுசு ஊர்தியாகும். அவ்வகையுள் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சென்னையில் அதற்குப் பூட்டத் தகும் டயர் யாதென இக்கட்டுரை ஆராய்கிறது.

டயர் மூவகைப்படும். தார்ச்சாலைக்குரியது எச்.டி.; இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எனவே முனைவர் பட்ட ஆய்வேடுகள் விரைவில் வரக்கூடும். எந்நிலத்துக்கும் உரியது ஏ.டி. சேற்றுக்கென்றே பிறந்தது எம்.டி.; இதன் கட்டைகள் பெருத்தும் இடைவெளிகள் அகன்றும் இருப்பதால் சேற்றை உதறித் தள்ளும், தார் கண்டவிடத்து ஓயாது ரீங்கரிக்கும். அண்ணா சாலையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு எம்.டி. பூட்டுவதைப் பெருந்திணையுள், அதாவது பொருந்தாக் காமத்துள், அடக்குதலே மரபு.

இனி, இத்துறையின் முதன்மைச் சான்றான பக்கச்சுவர்க் கல்வெட்டு. '255/60 ஆர்20 113எச்' என்னும் வரியில் முதலெண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதையும் (ஆகவே 153 மி.மீ.), 'ஆர்' உள்ளிழைகள் ஆரப்போக்கில் அமைந்த ரேடியல் கட்டுமானத்தையும், 20 ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் உணர்த்துகின்றன. ஒரே வரிக்குள் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் மயங்கி வருதலின், இதைப் பொறித்தது ஒரு கை அன்று எனத் துணியலாம். 113 என்பது டயர் ஒன்று 1150 கிலோ தாங்கும் என்னும் சுமைக்குறி. ஈற்றில் நிற்கும் 'எச்' மணிக்கு 210 கி.மீ. என்னும் வேக வரம்பு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எஸ் 180, டி 190, யு 200 என ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் ஏறிவரும் வேகக்குறிகள் 210-இல் திடீரென எச் ஆகி, 240-இல் மீண்டும் வி எனத் தம் வழிக்குத் திரும்புகின்றன. எச் ஓர் இடைச்செருகலே என்பர் ஒருசாரார். பஞ்சர்க் கடை உரைமரபினர் அதற்கு 'ஹெவி' எனப் பொருள் கொள்ள, அலைன்மென்ட் மரபினர் 'ஹைவே' எனப் பாடங்கொள்வர். இருவரையும் மறுக்கும் மூன்றாம் உரை, டயர்க்கடை பில் புத்தகமொன்றின் பின்னட்டையில் பால்பாயின்ட் பேனாவால் வரையப்பட்டு, மேற்பாதி கிரீஸால் சிதைந்து, கீழ்ப்பாதியில் டீ கிளாஸின் வட்டம் பதிந்து கிடைப்பதாகவும், அதில் படிக்கத்தக்கதாய் எஞ்சிய ஒரே சொல் 'பாக்கி' எனவும் செவிவழிச் செய்தி உண்டு. அதற்குச் செம்பதிப்பு வரும்வரை முடிவு கூறுதல் முறையன்று. மெய்யோ எளிது: பழைய வழக்கில் எஸ், எச், வி என்னும் மூன்றே இருந்தன, டியும் யுவும் பின்வந்தவை. இடைச்செருகல் எனப் பழிசுமந்த எச்சே மூலபாடம்.

அதே பக்கச்சுவரில் டிஓடி எனத் தொடங்கும் வரியின் ஈற்றில் 2319 என்றிருந்தால், டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. தொல்காப்பியத்தின் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் தள்ளியே தலைமுறைகளாக வாழ்ந்துவரும் புலமையுலகு இச்சான்றைத் தீண்டாதது வியப்பன்று. காலம் ஐயமறத் தெரிந்த பொருளில் கருத்தரங்கு கூட்ட இயலாது. 2000-க்கு முன் இருந்தவை மூன்று இலக்கங்களே ஆதலால் எந்தப் பத்தாண்டு என்பதே விளங்காதிருந்தது. ஆய்வாளர்க்கு அதுவே பொற்காலம்.

இல்லறப் பகுதி சுருங்கியது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியோடு வண்டியின் நீளம் 5018 மி.மீ.; அடுக்ககத்தில் காருக்கு ஒதுக்கும் இடமோ பெரும்பாலும் 5 மீட்டர். மிஞ்சும் 18 மி.மீ. தரையையே தொடாத டயருக்குரியது ஆதலால், பின்னால் ஸ்கூட்டர் நிறுத்துபவர் அசோசியேஷன் கூட்டத்தில் எழுப்பும் வழக்கு வண்டியின் மேலதா ஸ்டெப்னியின் மேலதா என்பது தனி ஆய்வுக்குரியது.

900 மி.மீ. ஆழ நீரிலும் இறங்கலாம் என்பது தயாரிப்பாளர் வாக்கு. ஆயினும் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதை நோக்க, பெருவண்டி உடையாரும் வெள்ளத்தைவிடப் பாலத்தையே நம்புவர் எனக் கொள்வதில் தடையில்லை. பாலம் ஏற எச்.டி. டயரே போதும்.