பதக்கத்தின் விளிம்பில் ஒரு வரி

பெறுநர்:
செயலர் அவர்கள்,
அரச சுவீடிய அறிவியல் அகாதமி,
ஸ்டாக்ஹோம்.

பொருள்: நோபல் பதக்கங்களில் எச்சரிக்கை வாசகம் பொறிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அகாதமியின் 1997 அக்டோபர் மாதச் செய்திக்குறிப்பு.

மதிப்பிற்குரியீர்,

எனக்குப் பரிசு எதுவும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் தாங்கள் நிம்மதியாக மேற்கொண்டு படிக்கலாம்.

பார்வையில் கண்ட குறிப்பின்படி ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் இருவருக்கும் அந்த ஆண்டின் பொருளியல் பரிசை அறிவித்தீர்கள். ஆப்ஷன் முதலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களுக்கு விலை கணக்கிட வழி கண்டதற்காக. கூட்டாளி ஃபிஷர் பிளாக் 1995இலேயே இறந்துவிட்டதால் அவருக்கு அந்த விலைச் சூத்திரத்தில் பெயர் மட்டும் மிஞ்சியது. இந்த முறையால் சமூகம் இடர்களை இன்னும் திறமையாகச் சமாளிக்க முடிகிறது என்றும் குறிப்பில் பாராட்டியிருந்தீர்கள். பாராட்டில் பிழை சொல்ல நான் யார்? அந்தச் சூத்திரம் இன்றும் சந்தைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் பரிசு வாங்கிய இருவரும் அப்போது ஒரு கடையிலும் பங்காளிகள். லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிதியம். வால் ஸ்ட்ரீட்டில் பேர்போன ஜான் மெரிவெதர் 1994இல் தொடங்கியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் எங்கள் ஊரில். இவர்கள் விஷயத்தில் அது பொய்யாகப் போயிற்று. 1995, 1996 இரண்டு ஆண்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல் காய்த்தது. 1997 முடிவில் பணம் அதிகமாகிவிட்டது என்று சொல்லி, வெளி முதலீட்டாளர்களுக்கு 270 கோடி டாலரைக் கட்டாயமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்களில் பலருக்கு மனத்தாங்கல். அடுத்த ஆண்டு அவர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்திருக்க வேண்டும்.

தொழில் இதுதான். கிட்டத்தட்ட ஒரே மதிப்புள்ள இரண்டு பத்திரங்களின் விலையில் சின்ன இடைவெளி தெரிந்தால், மலிவானதை வாங்கு, மற்றதை விற்றுவை. இடைவெளி ஒருநாள் மூடும், லாபம் வரும். ஆனால் வருவது காசுக் கணக்கில். காசு கோடியாக வேண்டுமென்றால் கடன் வேண்டும். 1998 தொடக்கத்தில் சொந்த முதல் சுமார் 470 கோடி டாலர், கடன் ஏறத்தாழ 12,500 கோடி டாலர். பல நாடுகளில், பலவிதமான பந்தயங்களாகப் பிரித்துப் போட்டிருக்கிறோம், எல்லாம் ஒரே நேரத்தில் தோற்காது என்று கணக்கு சொன்னது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறார். (பதிவு செய்த சீட்டா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.) இருபது பேர், மாதம் ஐயாயிரம். கணக்கெல்லாம் பழைய டைரி ஒன்றில். யார் எத்தனையாவது மாதம் எவ்வளவு தள்ளிச் சீட்டு எடுத்தார், யார் ஜாமீன் என்பது அதில் இருக்கும். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் நாலு பேருக்கு மேல் ஒரு சீட்டில் சேர முடியாது. எவ்வளவு நாணயமான ஆளாக இருந்தாலும் சரி. ஏன் என்று கேட்டால், "கம்பெனி பூட்டுனா அத்தன பேரும் ஒரே நாள்ல வந்து கையப் பிசைஞ்சுட்டு நிப்பாங்க சாமி, நான் யாருகிட்ட போயி கேக்கறது?" என்பார்.

1998 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யா ரூபிளின் மதிப்பைக் குறைத்தது, உள்நாட்டுக் கடனுக்குப் பணம் தர முடியாது என்று கையை விரித்தது. உலகத்தில் பணம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பயந்துபோய் ஒரே பக்கமாக, அமெரிக்க அரசுப் பத்திரங்களைப் பார்த்து ஓடினார்கள். மூட வேண்டிய இடைவெளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்தன. போதாக்குறைக்கு, இவர்களைப் பார்த்து அதே பந்தயத்தைப் போட்டிருந்த மற்ற நிறுவனங்களும் அதே வாசலில் முட்டிமோதின. ஆகஸ்ட் மாதம் மட்டும் நிதியம் 44 சதவீதத்தை இழந்தது. கம்பெனி பூட்டிவிட்டது ஐயா, எல்லோரும் அதே கம்பெனி ஆட்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் மெரிவெதர் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நஷ்டத்தைச் சொல்லிவிட்டு, இப்போது போல நல்ல வாய்ப்பு முன்பு வந்ததில்லை, விருப்பமுள்ளவர்கள் மேலும் பணம் போடலாம், கட்டணத்தில் சலுகையும் உண்டு என்கிற பொருளில் எழுதியிருந்தார். அக்காவிடம் யாராவது இப்படிப் பேசினால் வாசல் விளக்கை அணைத்துவிடுவார். அதே மாதம் 23ஆம் தேதி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் பஞ்சாயத்து கூட்ட, 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சுமார் 360 கோடி டாலர் போட்டு நிதியத்தைத் தூக்கி நிறுத்தின.

மேதைகளுக்குப் புத்தி இல்லை என்று புகார் செய்ய இதை எழுதவில்லை. அவர்கள் சொந்தப் பணத்தையும் அதில்தான் வைத்திருந்தார்கள், இழந்தார்கள். நம்பித்தான் செய்திருக்கிறார்கள், பாவம். என் புகார் எதிரில் உட்கார்ந்திருந்த வங்கிக்காரர்களைப் பற்றியது. வீட்டுக் கடனுக்குப் போனால் மூன்று வருட வருமான வரிக் கணக்கும் தாத்தா காலத்துப் பத்திரமும் கேட்கும் அதே இனம், இங்கே முழு விவரம் கேட்காமல், போதிய ஈடும் வாங்காமல் கடனை அள்ளிக் கொடுத்தது. பதக்கம் வருவதற்கு முன்பே கொடுத்தார்கள் என்று தாங்கள் சொல்லலாம். வரப்போகிறது என்ற வாசனையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பெயரைப் பார்த்து எதையும் நம்பிவிடுகிற இந்தக் கதை வேதியியலிலும் உண்டு. லைனஸ் பாலிங்குக்கு 1954இல் வேதியியல் பரிசு கொடுத்தீர்கள், நியாயமாகக் கொடுத்தீர்கள். 1962இல் நார்வேக்காரர்கள் அமைதிப் பரிசும் கொடுத்தார்கள். 1970இல் அவர் வைட்டமின் சி-யைக் கிராம் கணக்கில் தின்றால் சளி அண்டாது என்று புத்தகம் எழுத, அமெரிக்காவே மருந்துக்கடைக்குப் படையெடுத்தது. சாதாரண மக்களுக்கு அதனால் சளி வராமல் இருப்பதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன. 1993இல் பரிசு பெற்ற கேரி முல்லிஸ் பிசிஆர் முறையைத் தந்தவர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவரே எய்ட்ஸுக்கு எச்ஐவி காரணமில்லை என்றும் வாதாடினார். காட்டு வீட்டில் ஒளிவீசும் ரக்கூன் ஒன்று தனக்கு மாலை வணக்கம் சொன்னதாகவும் எழுதினார். ரக்கூனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

சிதம்பரத்தில் பிறந்து 2009இல் தங்களிடம் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன், பரிசுக்குப் பிறகு எல்லா விஷயத்திலும் கருத்து சொல்லத் தோன்றுவதை ஒரு வியாதி என்றே கிண்டல் செய்திருக்கிறார். நோயாளிகளின் வரிசையிலிருந்தே ஒருவர் நோயைச் சொன்னால் மருத்துவமனை கேட்க வேண்டாமா?

நடைமுறை அறிவுக்குத் தனிப் பரிசு வைத்து அக்காவுக்குக் கொடுங்கள் என்று கேட்க நினைத்தேன். யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். பதக்கம் வந்தால் தெரு முழுக்க டைரியைப் பார்க்காமலே பணம் கட்டும். எட்டு சீட்டு ஒன்றாக நடத்தச் சொல்லி ஆள் வரும். நாலு பேர் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி கார் வைத்திருப்பவர்களே வருவார்கள். நன்றாக இருக்கிற மனுஷியைக் கெடுக்க வேண்டாம்.

ஆகவே கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பொருளியல் பதக்கத்தின் விளிம்பில்தான் பெயர் பொறிக்கிறீர்கள், அங்கே இன்னும் இடம் இருக்கும். "இது குறிப்பிட்ட ஆய்வுக்கு மட்டும் வழங்கப்பட்டது. மற்ற விஷயங்களில் இவரிடமும் ஜாமீன் கேட்கவும்" என்று ஒரு வரி சேர்த்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதம் ஐயாயிரம் கட்டும் ஒரு சீட்டுக்காரன்.

பி.கு.: மெரிவெதர் 1999இல் புதிய நிதியம் ஒன்றைத் தொடங்கினார். முதலீட்டாளர்கள் வந்தார்கள். அதையும் பெரும் நஷ்டத்தோடு 2009இல் மூடினார்.