தோளும் ஆயுதமும்

கோலாலம்பூரின் செராஸ் பக்கம் எப்போது பாரத நாடகம் போட்டாலும், பருத்த தேகமும் முன்கோபமும் உள்ளவரைக் கண்ட மாத்திரத்தில் பீமனென்று நிச்சயித்து, அட்டையில் செய்து ஜிகினாத் தாள் ஒட்டிய கதாயுதத்தை அவர் தோளில் சாத்திவிட்டு, மெலிந்த சாந்த சுபாவியிடம் வில்லை நீட்டுவதே சம்பிரதாயம். உண்மையிலோ, நாணை இழுக்கத்தான் முரட்டுத் தோள் வேண்டும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் தோளெலும்பு, வில் வளைத்த பிரயாசையாலேயே விகாரப்பட்டதென்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். வியாசரும் இந்தப் பொருத்த சாஸ்திரத்தை மதித்தவரல்லர்: சாந்தமூர்த்தியான தருமபுத்திரனிடம் வேலைக் கொடுத்துச் சல்லியனைக் கொல்லவைத்தார், பீமனையோ விராட நகரில் சமையற்கட்டுக்கு அனுப்பினார். செராஸிலிருந்து எல்.ஆர்.டி.யில் மூன்றாவது நிலையத்துக்குப் பெயர் தந்த மலாய்க் காவிய நாயகன் ஹங் துவா, ஜாவாவின் மஜாபாகித் வீரனொருவனை வீழ்த்திப் பெற்ற ‘தாமிங் சாரி’ என்ற கெரிஸ் குத்துவாளைத் தரித்தவனுக்குக் காயமே படாதென்பது ஐதிகம். அப்பேர்ப்பட்ட ஆயுதத்துக்கு மார்பளவு கேட்பார் யார்? நம் நாடகக்காரர்கள் கேட்பார்கள்.