பாலைப் பிரிக்கும் அன்னம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் நடந்தால் அதன் டிவிடி ஆறேழு நாடுகளுக்குப் பாசலில் போன காலம் ஒன்று இருந்தது. லண்டனில் ஓடியது, பாரிஸில் ஓடியது, சிட்னியிலும் ஓடியது. ரொறன்ரோவுக்கு வந்தால் மட்டும் மணமக்கள் நிறமிழந்து, மணவறையோடு சேர்ந்து திரையில் மேலும் கீழுமாக உருளுவார்கள். அல்லது பிளேயர் தட்டை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிடும். அப்போதுதான் ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் ஒருவருடைய பேச்சு எழும்: “உது பால் தம்பி, இஞ்ச ஓடாது. அண்ணையிட்டக் குடு, மாத்தித் தருவார்.” அந்த அண்ணைக்குப் பகலில் ஏதோ ஒரு வேலை இருக்கும், அது நமக்கு முக்கியமில்லை. இரவானால் பேஸ்மென்டில் அவர் அன்னப்பட்சி. பாலை என்டிஎஸ்சியிலிருந்து பிரிப்பார், என்டிஎஸ்சியைப் பாலாக்குவார். ஒரேயொரு வித்தியாசம், புராணத்து அன்னம் பிரித்த பாலைக் குடிக்கும். இவர் பிரிப்பதோடு சரி. ஊரார் கலியாணங்களையெல்லாம் மாற்றிக் கொடுத்த மனிதர் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்தவரல்லர் என்பதே என் கட்சி.

தட்டை நீட்டியவருக்கு அண்ணை முதலில் தருவது ஒரு விரிவுரை. “இது பால்” என்று அவர் தொடங்கியதும், “பாலோ? அப்ப பிரிட்ஜில வச்சிருக்க வேணுமே” என்று கேட்கிற மாமிமார் உண்டு. அதற்கெல்லாம் அவர் சிரிப்பதில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, வட அமெரிக்காவில் 60. பழைய தொலைக்காட்சிகள் அந்தத் தாளத்துக்கே படம் காட்டப் பிறந்தவை. ஆகவே அதில் பாதியாக, பால் முறையில் அங்கே விநாடிக்கு 25 படம், என்டிஎஸ்சி முறையில் இங்கே 30 என்பார். தட்டில் ஒரு படத்துக்கு அங்கே 576 வரி, இங்கே 480. இதிலுள்ள அழகை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். உயரத்தில் ஆறை ஐந்தாக்க வேண்டும், நேரத்தில் ஐந்தை ஆறாக்க வேண்டும். திருவள்ளுவருக்குக்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திராது என்கிற பாவனை முகத்தில் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையில் அது 30 அல்ல, 29.97 என்பார். 1953இல் அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை ஒளிபரப்புக்குள் நிறத்தைப் புகுத்தியபோது, நிறத்தின் சைகை ஒலியின் சைகையோடு முட்டிக்கொள்ளாதபடி ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தார்கள். மணிக்குக் கிட்டத்தட்ட 108 படம் குறைவு. பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைப்பதுபோல அந்த எண்ணை அவர் நம் முன்னால் உடைப்பார். மாமிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா?

இனி என் சாட்சியம். மாற்றி முடித்த தட்டை அண்ணை சோதித்துப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். பொன்னுருக்கலைத் தாண்டுவார், மாப்பிள்ளை அழைப்பைத் தாண்டுவார், கெட்டிமேளத்தில் நிறுத்துவார். தாலி ஏறுகிறது, பெண்ணின் தாய் கண்ணைத் துடைக்கிறாள், அட்சதை பறக்கிறது. அண்ணை பார்ப்பதோ ஓரத்தில் நிற்கும் தவில்காரரின் வலது கையை. ஐந்து படத்தை ஆறாக்க வேண்டுமென்றால் ஒன்றை இரண்டு தரம் காட்டலாம், படம் வெட்டி வெட்டி நகரும். அல்லது பக்கத்துப் படங்களைக் கலந்து புதிதாக ஒன்று செய்யலாம், அப்போது வேகமாக அசையும் கைக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு கை முளைக்கும். “பாத்தீங்களே, பேய்!” என்பார். தாலி கட்டும் நேரத்தில் பேயைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாராவது அதட்டினாலும் அவருக்குக் கேட்காது. அடுத்து அவர் தேடுவது கமரா பந்தியை இடமிருந்து வலமாக மேயும் இடத்தை. அங்கே வாழையிலைகள் தடுக்கி விழாமல் வழுக்கிப் போனால் திருப்தி. சாப்பிடுகிறவர்களில் தன் தமையனும் இருந்தானா என்று கேட்டால் தெரியாது. புலி, மான் என்று எது வந்தாலும் தோலை மட்டும் பார்க்கிற வியாபாரியின் கண் அது.

இது அநியாயம், அவர் செய்தது சேவையல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சேவைதான், மறுக்கவில்லை. பேரனின் கலியாணத்தைப் பார்க்கமுடியாமல் இருந்த கிழவிக்கு அவர் தெய்வம். கூலியும் பெரும்பாலும் ஒரு பிளேன்டீ. ஆனால் சேவைதான் நோக்கமென்றால் அதற்குச் சுருக்குவழி ஒன்று அப்போதே கடையில் இருந்தது. பெயர்பெற்ற பிளேயர்களிற் பல பாலைக் கண்டால் முகம் சுளித்தன. பெயரே கேள்விப்படாத மலிவுச் சீனப் பிளேயர்களோ எந்தத் தட்டைப் போட்டாலும் தாங்களே மாற்றிக் காட்டின. கணினியும் அப்படித்தான், பால் என்றோ மோர் என்றோ கேட்பதில்லை. இதெல்லாம் அண்ணைக்குத் தெரியாததல்ல. இரவு முழுக்கக் கணினியை இரைய விட்டு அவர் செய்கிற தட்டு மூலத் தட்டைவிட ஒரு படி மங்கலாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். ஏற்கெனவே பிழிந்து வைத்ததை மறுபடியும் பிழிந்தால் வேறென்ன வரும்? தெரிந்தும் மலிவுப் பிளேயரை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டார். “உதெல்லாம் ஒரு மெசினே” என்பதோடு பேச்சு முடியும். சமையல்காரரிடம் சாப்பாட்டுக்கடை விலாசம் கேட்கிற மாதிரி அது.

அப்படியானால் அறிவுக்கு மதிப்பில்லையா என்றால், அவர் அறிவை யாரும் குறைசொல்லவில்லை. டிவிடியின் இடக்கூறும் (ரீஜன் கோட்) ஒளிபரப்பு முறையும் வேறுவேறு என்பதை ஊரில் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். கனடா முதலாம் இடக்கூறு, பிரித்தானியா இரண்டு, இந்தியாவும் இலங்கையும் ஐந்து. அது கடைத் தட்டுக்குப் போடும் பூட்டு, வீட்டுக் கலியாணத் தட்டுக்கு அந்தப் பூட்டே கிடையாது. ஜப்பானும் பிரித்தானியாவும் ஒரே இடக்கூறு, ஆனால் ஜப்பான் என்டிஎஸ்சி. பிரான்சில் அப்போது ஒளிபரப்பு செகாம், டிவிடி மட்டும் பால். இந்த இடத்துக்கு வரும்போது அவர் முகத்தில் படரும் ஒளியைத் தன் மகள் பாஸானபோதுகூட வீட்டார் கண்டதில்லை. சினிமாவையும் அவர் விட்டுவைப்பதில்லை. விநாடிக்கு 24 படமாக எடுத்ததைப் பால் நாடுகளில் 25ஆக ஓட்டுவதால் இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிடம் முந்தி முடியும், திருத்தாமல் விட்டால் பாட்டின் சுருதியும் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். சுருதி ஏறியதைக் கண்டுபிடிப்பார். பாட்டு நல்லதா என்றால், “சவுண்ட் கிளீன்” என்பார்.

இப்போது கலியாணம் தொலைபேசிக்குள் நேரடியாக வருகிறது. யாரும் அவரைத் தேடிப் போவதில்லை. பேஸ்மென்டில் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மாற்றியவை சொந்தக்காரர்களிடம் போய்விட்டன, அங்கே இருப்பவை பெரும்பாலும் மூலத் தட்டுகள். உங்கள் வீட்டுக் கலியாணமும் அதில் இருக்கக்கூடும். ஒருநாள் போய்க் கேட்டு வாங்கிவாருங்கள். தவில்காரருக்கு ஒரு வலது கைதான் இருப்பது அந்தத் தட்டில் மட்டும்தான்.