பதினாறு நட்டுக்குச் சொந்தக்காரன்

எங்கள் வீட்டில் என் ஆட்சிக்கு உட்பட்ட துறைகள் மிகக் குறைவு. மிளகை என்ன விலைக்கு விடுவது என்பதை வீட்டுக்காரி தீர்மானிப்பாள். டிவியில் எது ஓடும் என்பது பிள்ளைகள் கையில். தோட்டத்து விவகாரம் முழுக்க மாமனார். சர்வீஸ் முடிந்து வந்த வண்டியின் வீல் நட்டுகளை இறுக்கிப் பார்க்கிற இலாகா ஒன்றுதான், யாரும் போட்டிக்கு வராத காரணத்தால் எனக்குக் கிடைத்தது. அதை நான் எவ்வளவு தீவிரமாக நடத்துகிறேன் என்பது குண்டனி நாடு முழுக்கத் தெரியும்.

நாடு என்றதும் கொடி, நாணயம் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். கொல்லிமலையில் ஊராட்சிக்கே அப்படித்தான் பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலை மேல் பதினான்கு உண்டு. எங்களுடையது அதில் ஒன்று. இத்தனை நாடுகள் இருந்தும் என் வண்டிக்கு மலையில் வைத்தியம் பார்க்க என் வீட்டுக்காரிக்குச் சம்மதமில்லை. நாமக்கல்லுக்குத்தான் போக வேண்டும். லாரிக்கு பாடி கட்டுவதில் இந்தியா முழுக்கப் பெயர் வாங்கிய ஊர். அந்த ஊருக்குத் தெரியாத சக்கரமா என்பது அவள் வாதம். வாதத்தில் தப்பில்லை. வண்டிதான் லாரி இல்லை, மாருதி ஆம்னி. 1984இல் தொடங்கிய அந்த வண்டியைக் கம்பெனி 2019இல் கைவிட்டுவிட்டது. நாங்கள் இன்னும் கைவிடவில்லை. சக்கரத்துக்கு நாலு நட்டு வீதம் ஸ்டெப்னியைத் தவிர்த்துப் பதினாறு நட்டு.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது டயர் கடைக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற விதி. பலர் இதைப் பில்லிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் நாம் பால் கணக்கு எழுதுகிறோம். நாமக்கல்லில் புறப்பட்டு, காரவள்ளியில் அடிவாரம் தொட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தால் ஐம்பது கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அதாவது விதி சொல்கிற அந்த நேரம் சரியாக என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. இதை நான் விதியின் அழைப்பு என்கிறேன். வீட்டுக்காரி, “வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சுங்களா?” என்கிறாள்.

ஆரம்பிக்காமல் எப்படி? நட்டை இறுக்கும்போது ஸ்டட் என்கிற அந்த இரும்புத் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புத்தான் சக்கரத்தை, அது மாட்டுகிற ஹப்போடு சேர்த்து அழுத்தி வைக்கிறது. அழுத்தத்தால் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தை நகராமல் பிடிக்கிறது. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே துருவோ, மண்ணோ, புதுப் பெயிண்டோ இருந்தால் வண்டி ஓட ஓட அது நசுங்கி மெலியும். மெலிந்த அளவு ஸ்டட்டின் நீட்சி குறையும். நட்டு கால் சுற்றுகூடத் திரும்பாமலே பிடி தளர்ந்துவிடும். இறுக்கிய பையன்மேல் குற்றமே இல்லாமலும் இது நடக்கும் என்பதை நான் வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறேன். விளக்கி முடிக்கும்போது திண்ணையில் நான் மட்டும் இருப்பேன்.

அதனால் இந்த வேலைக்கென்றே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். விலை என்ன என்று வீட்டில் கேட்டபோது “இரும்புச் சாமான் என்ன பெரிய விலை” என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். எத்தனை நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று அதன் கழுத்தில் திருகி வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லிவிடும். 1918 வாக்கில் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் இருந்த கான்ராட் பார் என்பவர், தண்ணீர்க் குழாய் போல்ட்டுகளை ஆட்கள் கண்டபடி இறுக்குவதைச் சகிக்காமல் இதைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள். அவர் வீட்டிலும் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள்.

சிறு கார்களுக்குப் பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்பார்கள். சரியான எண் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழ அளவுகூட இல்லாத முப்பது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 34 கிலோவைத் தொங்கவிட்ட கணக்கு. கடையில் விற்கிற 26 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். டார்க் ரெஞ்ச் வருமுன் நானும் எல்லோரையும் போல ஸ்பேனர்மேல் ஏறி நின்றுதான் இறுக்குவேன். என் எடையை இங்கே அச்சில் ஏற்ற விருப்பமில்லை. ஆனால் எழுபது கிலோ ஆள் ஏறி நின்றாலே இருநூறைத் தாண்டும் என்று கணக்கு சொல்கிறது. மேலே நின்று குதிக்கவும் செய்தால், ஸ்டட் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், திரும்பிச் சுருங்காது. பிறகு அது பிடிக்கிற பிடி வெறும் பாவனை. மரையில் எண்ணெய் தடவுவதும் அப்படியே. நாம் போடுகிற சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மிச்சம் உராய்வுக்குச் செலவு. எண்ணெய் உராய்வைக் குறைத்தால், அதே ‘டக்’ சத்தத்துக்குள் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும்.

எங்கள் வாசலில் இது நடக்கும்போது கூட்டத்துக்குக் குறைவிருக்காது. குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற மினி லாரித் தம்பி கட்டாயம் வண்டியை ஓரங்கட்டுவான். அவனுக்கு டார்க் ரெஞ்ச் எல்லாம் கிடையாது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி சின்னச் சுத்தியால் நட்டுகளைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவான். இறுகிய நட்டு ‘ணங்’ என்னும். தளர்ந்தது ‘தொத்’ என்னும். “எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா” என்று அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவான். அதே தீர்ப்புக்கு நான் வர அரை மணி நேரமும் ஒரு அயோடெக்ஸ் டப்பாவும் ஆகும்.

மாமனார் வேறு விதம். அவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். அன்றைய பல லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். சக்கரம் சுழல்கிற போக்கில் நட்டு கழன்றுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அந்தப் பக்கத்தில் எல்லாமே தலைகீழ்: நாம் கழற்றுவதாக நினைத்தால் இறுகும், இறுக்குவதாக நினைத்தால் கழலும். இந்தக் கால வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே மரைதான் என்று நான் சொன்னால் அவர் ஏற்பதில்லை. நான் இடப்பக்கம் உட்கார்ந்த உடனே, “மாப்ளே, கழட்டுறீங்க” என்பார். வலப்பக்கம் போனதும் பேசமாட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை இருவரையும் பார்த்துவிட்டு, மரை கழன்றது வண்டிக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனாருக்காகச் சொன்னார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரியின் ஆட்சேபம் ஆன்மிக வகை. நாமக்கல்லில் தலைக்கு மேல் கூரை இல்லாமல் நிற்கிற 18 அடி ஆஞ்சநேயரைச் சேவித்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் மலையேறுகிறோம். அதற்குப் பிறகும் நட்டைத் தொட்டால் சாமிமேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம் என்கிறாள். ஆஞ்சநேயர்மேல் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு. ஒர்க்ஷாப்பில் நட்டு இறுக்குகிற ஏர் கன்னைப் பிடித்துக்கொண்டே ஃபோன் பேசுகிறவர்கள்மேல்தான் கொஞ்சம் குறைவு. ஏர் கன் வேகத்துக்கு ஏற்பட்டது. ஒரு நட்டை மிஞ்சி இறுக்கும், அடுத்ததை அரைகுறையாக விடும். மரை கோணலாக ஏறியிருந்தால் கைக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 2018 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹாஸ் அணியின் இரண்டு கார்களும் நாலாவது, ஐந்தாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. டயர் மாற்ற உள்ளே வந்தன. மாக்னுசன் காரிலும் நட்டு சரியாக ஏறவில்லை. சற்று நேரத்தில் வந்த குரோஷான் காரிலும் அதேதான். இரண்டும் நடுவழியில் நின்றன. 2021இல் மொனாக்கோவில் போட்டாஸின் மெர்சிடிஸுக்கு நேர்மாறு: ஏர் கன் பிடிக்கிற முனைகள் மழுங்கிப்போய் நட்டு கழலவே இல்லை. காரை இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் சக்கரத்தை எடுக்க முடிந்தது. அவர்களுக்குச் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு. வேலை பார்க்க இருபது பேருக்கு மேல். 2023இல் மெக்லாரன் அணி நாலு சக்கரத்தையும் 1.80 வினாடியில் மாற்றிச் சாதனையே செய்திருக்கிறது. எனக்குப் பதினாறு நட்டு, ஒற்றை ஆள், டார்ச் பிடிக்கக் கூப்பிட்டால் பாதியில் ஓடிவிடுகிற மகன். நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

மலைச்சாலையில் இந்தக் கவலைக்கு ஒரு நியாயமும் உண்டு. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வண்டியின் பாரம் ஒரு பக்கச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. அடுத்த வளைவில் மறுபக்கம். எழுபது முறை இப்படி மாற்றி மாற்றி அசைத்தால், பிடி தளர்ந்த சக்கரம் ஹப்பின்மேல் நழுவத் தொடங்கும். அப்போது மெதுவாகப் போகையில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். ஸ்டியரிங் உதறும். நட்டைச் சுற்றித் துருக்கோடுகள் வழிந்திருந்தால் அது உள்ளே உராய்வதன் அடையாளம். இறங்கும்போது பிரேக் டிரம் சூடேறிவிடும். அந்தச் சூட்டில் இறுக்கிப் பார்த்தால் அளவு தப்பும், ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் வண்டியிலேயே சொல்லிக்கொண்டு வருவேன். முப்பதாவது வளைவுக்குள் பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

மலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சமீபத்தில் டயரோ பிரேக்கோ பார்த்த வண்டியாக இருந்தால், காரவள்ளியில் டீக்கு நிறுத்தும்போது ஸ்பேனரை எடுங்கள். சக்கரம் தரையில் இருக்கட்டும்; ஜாக்கி வேண்டாம். எதிரெதிர் நட்டாக, குறுக்காக இறுக்கிப் பாருங்கள். ஏறி மிதிக்காதீர்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மேலே வந்தபிறகு சந்தேகம் வந்தால் குண்டனி நாட்டில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள், சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்கள். வாருங்கள், நானே இறுக்கித் தருகிறேன். டார்க் ரெஞ்சை மட்டும் இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன்.