முன் சீட்டு இசையமைப்பாளர்

குலதெய்வம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வாடகை வேன் பிடித்துப் போகும் குடும்பத்தில், மற்றவர்கள் பைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் போய் டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டிருப்பார். முழங்கால் வலிக்காரரான அக்கா வீட்டுக்காரர் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டு வந்து நின்றால், "அத்தான், பின்னாடிதான் ஏசி ஜில்லுன்னு வரும், அங்க போங்க" என்று அன்பாக அனுப்பிவைப்பார். வழி காட்ட ஒருவர், டோல்கேட்டுக்குக் காசு கொடுக்க ஒருவர், வாந்திக்கு எலுமிச்சம்பழம் வைத்திருக்க ஒருவர் என்று பயணத்தில் ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. இவர் பொறுப்பு பாட்டு. குடும்பத்துப் பிள்ளைகள் இவருக்கு ஒயர் மாமா என்று பெயர் வைத்திருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

வண்டி கிளம்பியதும் டிரைவரின் பென் டிரைவில் சீர்காழி கோவிந்தராஜன் விநாயகரைப் பாடத் தொடங்குவார். குரல் கணீரென்று இருக்கும். பின்சீட்டில் அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வார். பயணம் சுபமாகத் தொடங்கிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிற அந்த நேரத்தில்தான் முன்சீட்டிலிருந்து குரல் வரும்.

"தம்பி, இதுல ஆக்ஸ் இருக்கா?"

"பாட்டு நல்லாத்தானே சார் ஓடுது?"

"ஓடுது. ஆனா இது 128 தம்பி. என்கிட்ட எல்லாமே 320."

வினாடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு அது. எம்பி3 பாட்டை எவ்வளவு நெருக்கிப் பிழிந்து வைத்திருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லும். எண் கூடினால் பிழிசல் குறைவு. அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில், கூர்ந்து கேட்பவருக்கு வித்தியாசம் தெரியலாம். ஜன்னல் கண்ணாடி கடகடக்க, மூன்றாவது வரிசையில் குழந்தை அழ, முறுக்கு டப்பா திறக்கப்படும் வேனில் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் ஒயர் மாமாவுக்குத் தெரியும். வாங்கும்போதே 320 என்று கேட்டு வாங்கியவர் அல்லவா?

பிறகு பை திறக்கப்படும். ஏதோ ஒரு நகைக்கடையில் சங்கிலி வாங்கியபோது கொடுத்த ஜிப் வைத்த சிவப்புப் பை. சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. பை இவரிடம் தங்கிவிட்டது. இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் வைத்த ஒயர், சிவப்பு வெள்ளைப் பின் ஒயர், கொலுசுக் கயிறு கட்டிய பென் டிரைவ்கள், சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் எஃப்எம் கருவி, சி டைப் மாற்றிகள், எதற்கென்று அவருக்கே மறந்துபோன ஒரு குட்டிப் பின் எல்லாம் அதில் இருக்கும். அடியில், கேசட் வடிவத்தில் வால் முளைத்த ஒன்று. அதை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பவும் பத்திரமாக வைத்துவிடுவார். அதற்கு வேலை கிடையாது. வரலாறு சொல்வதற்காக வைத்திருக்கிறார்.

வரலாறு அமெரிக்காவில் தொடங்கும். 1956-லேயே கிறைஸ்லர் கம்பெனிக்காரன் காருக்குள் இசைத்தட்டுப் பெட்டி வைத்துவிட்டான். ஏழு அங்குலத் தட்டு. நிமிடத்துக்குப் பதினாறே சொச்சம் சுற்று. அதற்கென்றே தனியாக அச்சிட்ட தட்டுகளைத்தான் போட முடியும். வீட்டில் இருக்கிற தட்டு அதில் ஓடாது. சில வருஷத்தில் கைவிட்டுவிட்டான். "சொந்தப் பாட்டைச் சொந்தக் கார்ல கேக்க முடியாத கஷ்டம் அன்னைக்கே ஆரம்பிச்சுடுச்சு பாருங்க" என்பார். 1963-இல் பிலிப்ஸ் கேசட், 1979-இல் சோனி வாக்மேன், 2001-இல் ஐபாட் என்று வந்து, அந்த வால் முளைத்த கேசட்டில் நிற்பார். அதற்குள் நாடா கிடையாது. பல்சக்கரமும் ஒரு குட்டிக் காந்தத் தலையும்தான். சக்கரம் சுற்றுவதைப் பார்த்து நிஜக் கேசட் என்று காரின் டேப் ஏமாந்துபோகும். ஒயர் வழியாக வாக்மேனின் பாட்டு அந்தக் குட்டித் தலைக்கு வர, அதன் காந்தப் புலத்தை எதிரே இருக்கும் டேப்பின் தலை பிடித்துக்கொள்ளும். சில டேப்கள் ஏமாறாமல் கேசட்டை வெளியே துப்பும். இவர் திரும்பத் தள்ளுவார். இந்தப் போராட்டத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பூரிப்பு, கல்யாண ஆல்பம் காட்டும்போதுகூட வந்ததில்லை என்று அவர் மனைவி சொல்வார்.

இதற்குள் ஆக்ஸ் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். சீர்காழியை நடுவரியில் நிறுத்திவிட்டு ஒயர் சொருகப்படும். அந்தப் பின்னைக் கிட்டே வைத்துப் பார்த்தால், உலோகத் தண்டில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை தண்டை மூன்றாகப் பிரிக்கும். நுனி இடது பக்கத்து ஒலி, நடு வலது பக்கம், அடி இரண்டுக்கும் பொதுவான எர்த். வண்டி பழசாகி ஓட்டை தளர்ந்து அடிப்பாகம் சரியாகத் தொடாமல் போனால் ஒரு விசித்திரம் நடக்கும். இரண்டு பக்கத்திலும் சமமாக இருக்கிற ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். பாடகர் குரலைப் பெரும்பாலும் நடுவில் நிற்கும்படி சமமாகத்தான் பதிந்திருப்பார்கள். ஆகையால் வயலின் வரும், புல்லாங்குழல் வரும், எஸ்.பி. பாலசுப்ரமணியம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து முனகுவார்.

"என்னடா, பாட்டு வருது, பாடுறவரைக் காணோம்?" என்று அத்தை கேட்பார்.

"கொஞ்சம் இரு அக்கா" என்று ஒயர் மாமா பின்னை மயிரிழை அளவு திருப்புவார். எஸ்.பி.பி. திரும்பி வருவார். கையை எடுத்தால் போய்விடுவார். எனவே ஒயர் மாமா கையை எடுப்பதில்லை. நாடி பார்க்கும் வைத்தியர் போல இரண்டு விரலால் அந்தப் பின்னைப் பிடித்தபடி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, மதுராந்தகம் ஏரியைப் பார்க்காமலே தாண்டுவார். இட்லிப் பொட்டலம் வந்தால் மனைவி ஊட்டிவிட வேண்டும். அந்த அம்மாளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "என்னங்க, அந்தப் பாட்டை நானே பாடிடறேன், நீங்க கையக் கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்பார்.

அடுத்து பேட்டரி இறங்கும். போனைச் சார்ஜில் போடுவார். உடனே ஸ்பீக்கரில் 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறும். காலை எடுத்தால் இறங்கும். சார்ஜர் ஒயரும் பாட்டு ஒயரும் ஒரே வண்டியின் எர்த்தில் இரண்டு வழியாகப் போய்ச் சேர்வதால், ஆல்டர்நேட்டரின் இரைச்சல் இடையில் புகுந்துகொள்கிற கதை அது. சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நிற்கும், போனும் சீக்கிரம் நின்றுவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்கிற இந்த உண்மையை ஒயர் மாமா ஒருநாளும் ஏற்றதில்லை. "தம்பி, மூணாவது கியர்லயே மெதுவாப் போங்களேன், சுருதி சேருது" என்பார். டிரைவர் கண்ணாடியில் பின்சீட்டுக்காரர்களைப் பார்ப்பார். பின்சீட்டுக்காரர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அப்புறம் எஃப்எம் கருவி. போனில் இருக்கும் பாட்டை அது குட்டி வானொலி நிலையமாகி ஒலிபரப்பும். காரின் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் கேட்கலாம். 87.5-இலிருந்து 108 வரை காலியான ஒரு மூலை வேண்டும், அவ்வளவுதான். சென்னையைச் சுற்றி அப்படி ஒரு மூலை தேடுவது, அதே ஊரில் வாடகைக்கு வீடு தேடுவதைவிடச் சிரமம். 91.1-இல் ரேடியோ சிட்டி, 92.7-இல் பிக், 93.5-இல் சூரியன், 98.3-இல் மிர்ச்சி, 106.4-இல் ஹலோ என்று ஆளாளுக்கு முன்பே குடியேறியிருப்பார்கள். ஓர் இடைவெளியைப் பிடித்து உட்கார்ந்தால், அது அடுத்த ஊரில் வேறு நிலையத்துக்குச் சொந்தமாகிவிடும். திருச்சி தாண்டி 100.5-இல் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தால், கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து கோடை பண்பலை இறங்கி வந்து இளையராஜாவின் இரண்டாவது சரணத்தின் மேலேயே விவசாயிகளுக்கு விதை நேர்த்தி சொல்லிக்கொடுக்கும். சில மீட்டர் தூரத்துக்கு மட்டும் பேசத் தெரிந்த குட்டிக் கருவி மலையோடு மல்லுக்கு நிற்க முடியுமா? ஒயர் மாமா நிற்பார்.

பென் டிரைவிலாவது அமைதி உண்டா என்றால், அங்கேயும் அவருக்கு வேலை இருக்கிறது. பல கார் ஸ்டீரியோக்களுக்கு எஃப்ஏடி32 முறையில் தயார் செய்த பென் டிரைவ்தான் புரியும். என்டிஎஃப்எஸ் என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று சாதிக்கும். சிலவற்றுக்கு அகர வரிசையும் தெரியாது, எந்த வரிசையில் பாட்டை ஏற்றினோமோ அந்த வரிசையில்தான் பாடும். அதனால் ஒயர் மாமா முதல்நாள் ராத்திரி கண்விழித்து, பக்திக்கு ஒரு ஃபோல்டர், எம்.எஸ்.வி.க்கு ஒரு ஃபோல்டர், மழை வந்தால் போட ஒன்று, டிரைவருக்குத் தூக்கம் வந்தால் போட ஒன்று என்று எண் போட்டு ஏற்றியிருப்பார். ஸ்டீரியோ ஒன்றாம் நம்பரை விட்டுவிட்டு, பிள்ளைகள் எப்போதோ ஏற்றிய கானா பாட்டைக் கோயில் வாசலில் முழங்கும். திரையில் பாட்டின் பெயர் ஓடவேண்டிய இடத்தில், அது இறக்கப்பட்ட இணையதளத்தின் பெயர் ஊர்வலம் போகும். பார்த்துவிட்டு அத்தான், "பாட்டுக்குப் பணம் கொடுத்து வாங்கினேன்னு சொன்னியே மாப்ளே?" என்பார். முழங்கால் வலிக்கு அன்று கிடைத்த ஒரே மருந்து அது.

ப்ளூடூத் வந்ததும் ஒயர் மாமாவின் ராஜ்ஜியம் முடிந்தது என்று நினைத்தார்கள். 2016-இல் ஐபோன் 7 அந்த 3.5 ஓட்டையை அடைத்துக்கொண்டு வந்தபோது, ஐபோனே வைத்திராத இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஒயர் போனாலும் சிக்கல் போகவில்லை என்று கண்டுகொண்டதும் தெளிந்துவிட்டார். ஸ்டீரியோ முதலில் டிரைவரின் போனைத்தான் கட்டிக்கொள்ளும். அதைப் பிரித்துவிட்டால், முன்பு யாரோ சவாரி வந்தவர்களின் போன்களை எல்லாம் பட்டியல் போட்டு ஏக்கத்துடன் தேடும். கடைசியில் 0000 அல்லது 1234 போட்டு இவருடைய போன் இணைந்ததும் ஒரு ஆங்கிலப் பெண் குரல் வெற்றியை அறிவிக்கும். பின்சீட்டில் கைதட்டல் கேட்கும்.

கைதட்டல் அடங்குமுன் போன் வரும். சென்னையில் இருக்கும் பெரியக்காள். பாட்டுக்கு இணைத்த ப்ளூடூத் பேச்சுக்கும் சேர்த்தே இணைந்துவிட்டது என்பது அப்போதுதான் தெரியும். நான்கு ஸ்பீக்கரிலும் தெளிவாக, 320 தரத்துக்குக் குறையாமல், அக்காள் பேசுவார்:

"டேய் தம்பி, கெளம்பியாச்சா? அந்த மதுரைக்காரியும் உங்களோடதான் வர்றாளா? போன தடவ மாதிரி சொம்புத் தண்ணி பூராம் குடிச்சுட்டு வழியெல்லாம் வண்டிய நிறுத்தச் சொல்லப் போறா…"

மதுரைக்காரி என்பவர் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஒயர் மாமா பதறிப்போய் வால்யூம் குமிழைத் திருகுவார், எதிர்ப்பக்கமாக. அக்காளின் குரல் இன்னும் ஓங்கும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் விழுகிற மௌனம் உளுந்தூர்பேட்டையிலும் கலையாது. வழியில் தேநீர்க் கடை தென்பட்டாலும் வண்டியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. மதுரைக்காரி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இத்தனை பாடுபடுகிறவர் பெரிய இசைப் பைத்தியமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம். ஒயர் மாமா ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதை யாரும் பார்த்ததில்லை. பல்லவி வந்தால் ட்ரெபிளைத் தொடுவார், சரணம் வந்தால் பேஸைத் தொடுவார், பாட்டு ருசிக்கத் தொடங்கும் இடத்தில் "இப்ப இதக் கேளுங்க" என்று அடுத்ததற்குத் தாவுவார். அவருக்கு வேண்டியது இணைகிற அந்த ஒரு கணம். பேசாமல் கிடந்த பெட்டி தன் கைபட்டுப் பேசியது என்ற நிறைவு. பேசிய பிறகு அது என்ன பேசுகிறது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஜாதகம் பொருந்தும்வரை அலையாய் அலைந்து, தாலி கட்டியதும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கக் கிளம்பிவிடும் கல்யாணத் தரகரை நாம் குறை சொல்வதில்லையே. டிரைவர்களும் இவரைக் குறை சொல்வதில்லை. முன்சீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ராத்திரிப் பயணத்தில் தூக்கமே வராது என்பது அவர்கள் அனுபவம்.

இப்போது அக்காள் மகன் புதுக் கார் வாங்கிவிட்டான். கையகலத் திரை, ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஒயரே வேண்டாம். வண்டியை முடுக்கியதும் அவன் போன் தானாக இணைந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து பாட்டுத் தொடர்கிறது. ஒயர் மாமா சிவப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரை ஒன்றும் பேசாமல் வந்தார். ஓட்டையைத் தேடினார், இல்லை. குமிழைத் தேடினார், அதுவும் இல்லை. இரைச்சல் வருகிறதா என்று காதைக் கொடுத்தார், வரவில்லை. ஒரு முழுப் பாட்டைக் கேட்கும்படி ஆகிவிட்டது. பின்சீட்டில் அத்தை, "ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

பரனூர் டோல்கேட் நெருங்கும்போது திரையின் மூலையில் சின்னதாக ஓர் அறிவிப்பு வந்தது: புதிய சாஃப்ட்வேர் அப்டேட் தயாராக இருக்கிறது.

ஒயர் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, வண்டிய ஓரமா நிறுத்து."