தோமையாரும் கேட்டார்

எங்கள் தெருவில் ஐந்து வேளையும் பாங்கு கேட்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு வேளைத் தொழுகையைக்கூட விட்டதில்லை. நானோ பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதே ‘இதெல்லாம் நடந்ததுதானா?’ என்று யோசிக்கிறேன். நான் கிறிஸ்தவள்தானா?
*– கல்லூரி மாணவி, கோட்டக்குப்பம்*

கிறிஸ்தவள்தான் மகளே. கடகடவென்று ஒப்பித்துவிட்டு உட்காருகிறவர்களைவிட நீ அந்த வரிகளைக் காது கொடுத்துக் கேட்கிறாய்.

உயிர்த்த இயேசுவை மற்றச் சீடர்கள் பார்த்தபோது தோமையார் அங்கே இல்லை. ஆணித் தழும்பில் விரல் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதற்குப் பிறகு எட்டு நாள் ஓடுகிறது. யோவான் நற்செய்தியில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதுதான். அந்த எட்டு நாளும் தோமையார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. மற்றப் பத்துப் பேரும், நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அவரை வெளியே தள்ளவும் இல்லை. எட்டாம் நாள் பூட்டிய கதவுக்குள் அவரும் அவர்களோடு இருந்தார். இயேசு வந்தார், அவர் கேட்ட காயத்தையே காட்டினார்.

அந்தத் தோமையார்தான் கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்து, 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்து, மயிலாப்பூரில் அடக்கமானார் என்று நம் மரபு சொல்கிறது. சாந்தோம் பேராலயம் அந்தக் கல்லறையின் மேல்தான் நிற்கிறது. ஆண்டுக் கணக்கை வரலாற்று ஆசிரியர்கள் வாதாடித் தீர்த்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு பேரில் நம் முன்னோர் தங்கள் தகப்பனாகக் கொண்டாடியது கேள்வி கேட்டவரை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பக்கத்து வீட்டு அம்மாவோடு உன்னை ஒப்பிட்டுப் பார்க்காதே. தொழுகை விரிப்பில் நெற்றி பதிக்கும்போது அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது அவருக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரியும்.

சந்தேகப்படுவது பாவமா?
*– வாசகர், வானூர்*

இல்லை. சந்தேகத்தை மறைத்துக்கொண்டு, நம்புவதுபோல அடுத்தவருக்குப் போதிப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குப் போன என் அண்ணன் திரும்பவில்லை. மாதா கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அற்புதம் என்று இன்றும் பேசுகிறார்கள். என் அண்ணன் என்ன பாவம் செய்தான்?
*– மீனவர், பொம்மையார்பாளையம்*

அண்ணே, உங்கள் அண்ணன் எந்தப் பாவத்துக்காகவும் சாகவில்லை. இதை என் சொந்த ஆறுதலாகச் சொல்லவில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லியிருக்கிறார். லூக்கா நற்செய்தி, 13-ஆம் அதிகாரம். சாவு வீட்டில் ‘தேவ சித்தம்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அன்று காலை சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு பெயர்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. அதாவது, அந்தச் சாவுகளில் ஒரு பங்கு மனிதர்கள் செய்யத் தவறியதால் வந்தது. மிச்சப் பங்கை என்னால் விளக்க முடியாது. விளக்கிவிட்டேன் என்று சொல்கிறவரை நான் நம்பவும் மாட்டேன்.

கோவில் தப்பியதை அற்புதம் என்று சொல்கிறவர்கள், அதே மூச்சில் மணலில் கிடந்தவர்களைப் பற்றியும் பேசட்டும். முடியாவிட்டால் இரண்டையும் பேசாமல் இருக்கட்டும். நீங்கள் கடவுளிடம் கோபப்படுங்கள். சங்கீதப் புத்தகத்தில் கணிசமான பகுதி இப்படிக் கோபப்பட்டவர்கள் பாடியதுதான். சிலுவையில் தொங்கியவரும் ஏன் கைவிட்டீர் என்றுதான் கேட்டார்.

பிரசவ வார்டில் வேலை. ஜெபித்த தாயும் சாகிறாள், ஜெபிக்காத தாயும் பிழைக்கிறாள். நான் யாருக்காக முழங்கால் போடுகிறேன் என்றே சில ராத்திரி தெரிவதில்லை.
*– நர்ஸ், திண்டிவனம்*

உங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். 1890-களின் தொடக்கம். அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம், அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவர் முடிவு. ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் இன்னொரு இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அப்பா டாக்டர், அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவோ மருத்துவம் படித்தவர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

ஏன் அந்த மூன்று பேர் சாக வேண்டும்? ஐடாவுக்கு அதற்கு விளக்கம் கிடைத்ததாக எங்கும் படிக்கவில்லை. அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899-இல் கார்னெல்லில் பட்டம் வாங்கி, 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாம் சி.எம்.சி. என்று ஓடுகிற இடம் திண்டிவனத்தின் அந்த ராத்திரியிலிருந்து கிளம்பியது.

ஒரு ஆஸ்பத்திரி வந்ததால் மூன்று சாவும் சரியாகிப்போனது என்று நான் சொல்லமாட்டேன். அந்த மூன்று வீட்டுக்கும் அது ஈடாகாது. பதில் கிடைக்காத ஒருத்தி கேள்வியை விட்டு ஓடாமல், அதைத் தூக்கிக்கொண்டே அறுபது வருடம் நடந்தாள் என்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அதைத்தான் செய்கிறீர்கள். முழங்கால் போட முடியாத ராத்திரியில், அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையே ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ படிக்கும் மகன், பரிணாமம் உண்மை என்றால் ஆதியாகமம் பொய்யா என்கிறான்.
*– தாய், விழுப்புரம்*

இரண்டில் ஒன்றைத் தூக்கி எறியச் சொல்லி அவனை நெருக்காதீர்கள். மனித உடலின் தோற்றம் பற்றிப் பரிணாமக் கோணத்தில் ஆராயத் தடையில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1950-லேயே எழுதிவிட்டார். பேரண்டம் ஆதி அணு ஒன்றிலிருந்து விரிந்தது என்று 1931-இல் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர் அங்கி போட்ட கத்தோலிக்கக் குரு. பையனுக்கு இவரைப் பற்றிப் படிக்கக் கொடுங்கள்.

கடவுளை நம்புகிறேன். ஆனால் எங்கள் பங்கில் கல்லறைகூடச் சாதிக்கு ஒன்று. இந்தக் கோவிலை எப்படி நம்புவது?
*– இளைஞர், விழுப்புரம்*

தம்பி, இது சந்தேகமே இல்லை, மனச்சாட்சி. கோவிலுக்குள் சாதிச் சுவர் எழுப்பியவர்கள்தான் தங்கள் விசுவாசத்தைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புதுச்சேரிக் கோவிலில் இருந்த அப்படி ஒரு சுவர் 1745-இல் உடைக்கப்பட்டதையும், உடனே கிளம்பிய எதிர்ப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதே 1745-இல்தான் தெற்கே வடக்கன்குளத்தில் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். 2022-இல் அவரைப் புனிதராக அறிவிக்கும் முன், பெயரோடு ஒட்டியிருந்த சாதியை ரோமாபுரியே நீக்கியது. அந்த வடக்கன்குளம் கோவிலிலும் சுவர் இருந்தது, 1910-இல் இடித்தார்கள். திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனவர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் கைவிரித்து அனுப்பியது. பழங்கதை என்று விட முடியாது. 2008 மார்ச்சில், அன்று உங்கள் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

ஒவ்வொரு சுவரும் விழுந்தது உள்ளே இருந்த யாரோ பொறுக்க முடியாமல் கேட்டதால்தான். பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள், மறைமாவட்டத்துக்கு எழுதுங்கள். இதெல்லாம் செய்து களைத்து ஒருநாள் வெளியேறினாலும் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அன்னை தெரசாவுக்கும் சந்தேகம் இருந்ததாமே?
*– வாசகி, மரக்காணம்*

இருந்தது. கடவுள் இல்லாதது போன்ற இருட்டைப் பல பத்தாண்டுகள் சுமந்ததாக அவர் எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளியாயின. அவற்றைப் படித்த பிறகுதான் 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது.

நான் முஸ்லிம். கூடப் படித்த கிறிஸ்தவ நண்பன் அப்பா இறந்ததிலிருந்து கோவிலுக்குப் போவதில்லை, கடவுளே இல்லை என்கிறான். நான் என்ன சொல்ல வேண்டும்?
*– வாசகர், கோட்டக்குப்பம்*

எதுவும் சொல்ல வேண்டாம் பாய். உங்களுக்கு அய்யூப் நபி, எங்களுக்கு யோபு. எங்கள் வேதத்தில் அவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு அவர் பக்கத்தில் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் செய்தது அத்தனையும் சரி. பிறகு கடவுளுக்காக வக்கீல் வேலை பார்க்கத் தொடங்குகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது திட்டித் தீர்த்த யோபுவை அல்ல, அந்த மூவரைத்தான்.

சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போங்கள். அவன் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். எப்படிப்பட்டவர், என்ன சொல்லிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள். மதத்தைப் பற்றி அவனாகப் பேச்சை எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள். நாளைக்கும் போங்கள்.