திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கார்ட்ரிஜுக்கு மை ஏற்றும் மரபு: ஒரு பூர்வாங்க ஆய்வு

இத்துறையில் இதுவரை ஆய்வேதும் நிகழவில்லை. எந்தக் கட்டுரையும் இந்த வசனத்தோடு தொடங்கினால்தான் பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்கும் என்பது விதி. தற்செயலாக இங்கே அது உண்மையாகவும் அமைந்துவிட்டது. கோணேசர் கோயிலைப் பற்றியும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் நூல்கள் உண்டு. உட்துறைமுக வீதியின் உப்புக்காற்றில் ஒரு பிரிண்டர் நீலத்தை மட்டும் ஏன் துப்ப மறுக்கிறது என்பது பற்றி ஒரு பக்கமும் இல்லை. அவ்விடைவெளியை நிரப்புவதே எமது நோக்கம், இயன்றால் கார்ட்ரிஜையும்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். மையைத் தெறிக்கவிட்டு எழுதும் எண்ணத்தைக் கெல்வின் பிரபு 1867-இலேயே ஆழ்கடல் தந்திக் கருவி ஒன்றில் பயன்படுத்திவிட்டார். தாரை ஏன் துளிகளாக உடைகிறது என்பதை ரேலே பிரபு 1878-இல் கணக்கிட்டார். பிரபுக்கள் விட்ட இடத்தில் ஒரு சோல்டரிங் அயன் தொடர்ந்தது: 1977-இல் ஜப்பானின் கெனன் ஆய்வுகூடத்தில், மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் அது தற்செயலாகப் பட, மை சீறிப் பாய்ந்தது. அந்தச் சூடே இன்றும் வீட்டுப் பிரிண்டரில் வேலை செய்கிறது. நுண்ணிய வெப்பத்தடை ஒன்று கண நேரத்தில் ஏறத்தாழ 300 பாகைக்குச் சூடேற, குமிழி எழுந்து துளியை வெளியே தள்ளும். (எப்சன் சூடாக்காது, படிகத்தை நெளியச் செய்து தள்ளும், அது வேறு சமயம்.) சிரிஞ்சில் பிறந்த கருவி கடைசியில் சிரிஞ்சிடமே வந்து கைநீட்டுவதை இதற்கு முன் எவரும் சுட்டிக்காட்டியதாகத் தெரியவில்லை, ஆகவே இதை எமது கண்டுபிடிப்பாகக் கொள்க.

மூலங்கள் மூன்று: மைப்புட்டியின் லேபிள், சிரிஞ்சோடு வந்த வழிகாட்டித் தாள், கொமினிகேஷன் கடைத் தம்பியின் வாய்மொழி. லேபிளின் கீழ்ப்பாதி மை பட்டு அழிந்த நிலையில் கிடைத்தது. தாள் சீன மொழியில் இருந்தபடியால் அதற்குத் தமிழில் உரைகள் பெருகின. வாய்மொழியோ, "அண்ணை, மஞ்சளுக்கு இடப்பக்க ஓட்டை, சிலதுக்கு வலப்பக்கம்" என்று பாடபேதத்தோடேயே பிறந்தது. இம்முரணைத் தீர்க்க வழி ஒன்றே. கார்ட்ரிஜின் மேல் ஒட்டை உரித்து, அங்கே தெரியும் சிறு ஓட்டைகளில் விளக்குமாற்று ஈர்க்கை முறித்து நுழைத்து எடுத்தால், நுனி எந்த நிறமோ அறையும் அந்த நிறம். மூன்று மூலங்களையும்விட ஈர்க்கு நம்பத்தக்கது. ஆனால் ஈர்க்கை மேற்கோள் காட்ட முடியாதென்பதால் ஆய்வுலகம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஏற்றும் அளவு: கறுப்புக்கு நாலைந்து மில்லிலீற்றர், கலர் அறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஆறுதலாக. உள்ளே இருப்பது ஸ்பொஞ்ச். மையைப் பிடித்துவைத்து, அடியிலுள்ள துளைகளால் ஒழுகாமல் காப்பது அதுதான். அவசரப்பட்டால் காற்று உள்ளே தங்கி வழியை மறிக்கும். கூடிப்போனால் மஞ்சள் அறைக்குள் மஜெந்தா வழிந்து, பிள்ளையின் ஒப்படையில் தென்னோலை மண்ணிறத்தில் வரும்.

பிரிண்டர் நோய்கள் நால்வகைப்படும். தாள் சிக்குதல்: இழுத்து எடுக்கவும். தொடுமுனை கறுத்தல்: நூல் பிரியாத துணியை ஈரமாக்கித் துடைக்கத் தீரும். சிப் பிடிவாதம்: பின்னர் காண்க. அடைப்பு: இதற்கே எம் வாழ்நாளை ஒப்புக்கொடுத்துள்ளோம்.

அடைப்பு நீங்கியதா என அறியும் செயலுக்கு ஒற்றல் என்று பெயரிடுகிறோம். ரிசு பேப்பரை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, கார்ட்ரிஜின் துளைப் பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். மூன்று பட்டை விழுந்தால் மூன்று நிறமும் இறங்குகிறது. கல்வெட்டியலாளர் இதை உடனே இனங்காண்பர்: நனைத்த தாள், அழுத்தம், மை. கல்லில் செய்தால் மைப்படி. குசினி மேசையில் செய்தால், "ஆரடா மேசைச் சீலையைப் பழுதாக்கினது?"

பட்டை இரண்டே விழுந்தால் அறிஞர் இரு கட்சியாகப் பிரிவர். சுடுநீர்க் கட்சியார், காய்ந்த மையைக் கரைப்பதே முறை என்பர் (காண்க: மைப்புட்டி, பின்புற லேபிள், எஞ்சிய வரி). உதறற் கட்சியார், கார்ட்ரிஜைத் துணியில் சுற்றிக் கையை வீசி உதற, மை தானே துளைக்கு வரும் என்பர் (காண்க: பெரியப்பா, வராந்தா உரை, அதை மறுத்து, அதே வராந்தாவின் வெள்ளைச் சுவர், தரையிலிருந்து நாலடி உயரத்தில், நீலம், மறுப்புக்கு மறுப்பு, பெரியப்பா, "அது முந்தியே இருந்தது", சமரசப் பாடம், பெரியம்மா, குசினியிலிருந்து, சத்தமாக, பதிப்பிக்கத் தகாதது). துளையோ தலைமயிரிலும் மெல்லியது. இவ்விரு கட்சியும் அதற்காக மோதுவதைப் பார்க்க, ஒரே பாட்டின் ஒரு சீருக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாதிருக்கும் பேராசிரியர்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

பிரெட்ரிக் கோட்டையையும் இங்கே சேர்க்க வேண்டும். போர்த்துக்கேயர் 1622-இல் கோயிலை இடித்து, 1624-இல் அதன் கற்களைக் கொண்டு கட்டிய கோட்டை அது. வாயிலில் இரட்டை மீன் சின்னத்தோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு, வரிகள் சிதைந்தவை. எஞ்சிய எழுத்துகளுக்கு நடுவே, வழிவழி வந்த செய்யுளொன்றைக் கொண்டு மீதியை நிரப்பிப் படிப்பது வழக்கம். பிரிண்டர் அப்படிச் செய்வதில்லை. நொசில் செக் போடச் சொன்னால், அடைபட்ட துளைக்கு நேரே தாளை வெள்ளையாக விட்டுவிடும். தனக்கு வராத இடத்தை வெள்ளையாக விட்டு, அதைத் தானே அச்சிட்டுக் கையிலும் தருகிற ஆய்வாளரை எந்த ஆய்வரங்கிலும் யாம் கண்டதில்லை. அங்கே குத்துவிளக்கேற்றலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் அதற்கு நேரமும் போதாது.

அடைப்பின் தோற்றுவாய் குறித்து ஒரு கருதுகோள். 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒருநாள் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஒழுங்காக நிறுத்தினால் கார்ட்ரிஜ் ஓரத்துக்கு நகர்ந்து, றப்பர் மூடியில் போய் அமரும். கரண்ட் நடுவில் போனால் பாதி வழியில், வாய் திறந்தபடி நிற்கும். துளையிலுள்ள மை உலரும். சுவிட்சைச் சுவரில் அணைப்பவர் வீட்டில் இதே மின்வெட்டு தினமும் நிகழ்கிறது. அம்மாதம் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. ஆகவே மையிருந்தும் பயனில்லை என்ற வாதமும் உண்டு.

சிப் பற்றிச் சொல்வதாயின், அது மையைப் பார்ப்பதில்லை. துளியை எண்ணிக் கழிக்கிறது. கழுத்துவரை நிரப்பினாலும் 'மை தீர்ந்தது' என்றே சாதிக்கும். பல கெனன் பிரிண்டர்களில் ஸ்டொப் பொத்தானை ஐந்து செக்கனளவு அமுக்கிப் பிடித்தால் வாய்மூடும். உண்மையிலேயே தீர்ந்த பின்னும் அடித்தால் வெப்பத்தடை கருகிப்போகும், அதன்பின் சிரிஞ்சுக்கு வேலையில்லை. விற்ற கார்ட்ரிஜின்மேல் காப்புரிமை கொண்டாட முடியாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில் 2017 மே 30 அன்று தீர்த்தது. அத்தீர்ப்பை டொக்யார்ட் வீதிப் பிரிண்டருக்கு உரத்து வாசித்துக் காட்டியதில் பலன் இல்லை.

வரைபடம் 1: உவர்மலையிலிருந்து துறைமுகம், அந்தி வேளை. (மஜெந்தா இறங்கவில்லை. சூரியன் வெறும் மஞ்சளாகவும் வானம் பச்சையாகவும் தோன்றும். சிவப்பை வாசகர் வழிவழி வந்த மரபுப்படி நிரப்பிக்கொள்க.)